மலை ஊருக்கு முகப்பு மட்டும் போதாது

கணினி விளையாட்டில் ஒரு தெரு வருகிறது. இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பது கட்டடங்கள். ஆடுபவர் அதில் ஓடுகிறார், ஒளிகிறார், ஒரு கடையின் முன்னால் நின்று திரும்பிப் பார்க்கிறார். அந்த நாற்பதையும் யாரோ உட்கார்ந்து தனித்தனியாகச் செய்திருப்பார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. வெற்றுச் சுவர், சன்னல் வைத்த சுவர், கதவு வைத்த சுவர், மூலை, ஷட்டர், சன்ஷேடு, கைப்பிடிச் சுவர் என்று முப்பது நாற்பது துண்டுகளைச் செய்து வைத்துக்கொண்டு, அவற்றையே மாற்றி மாற்றி அடுக்கி முழுத் தெருவையும் எழுப்பிவிடுகிறார்கள். துண்டை மாட்யூல் என்பார்கள். துண்டுகளின் தொகுப்பைக் கிட் என்பார்கள். பல சமயம் தெருவைப் பார்த்த பக்கம் மட்டும்தான் இருக்கும். பின்பக்கம் வெறும் வெளி.

இந்த முறையைப் பற்றி இரண்டு குறைகளை அடிக்கடி கேட்கிறோம். எல்லாம் ஒரே அச்சாக இருக்கிறது என்பது ஒன்று. முன்பக்கத்தை மட்டும் காட்டி ஏமாற்றுகிறார்கள் என்பது இன்னொன்று. விளையாட்டுக் கலை படிக்கும் மாணவர்கள் சிலரிடம் இதற்கு நேர் எதிரான ஒரு நம்பிக்கை இருக்கிறது: நல்ல கிட் ஒன்றை விலைக்கு வாங்கி இறக்கிவிட்டால் எந்த ஊரையும் கட்டிவிடலாம். மூன்றிலும் உண்மை கொஞ்சம் உண்டு. அது எதுவரை செல்லும், எங்கே நின்றுபோகும் என்று பார்க்க ஓர் ஊர் வேண்டும். ஜமுனாமரத்தூரை எடுத்துக்கொள்கிறேன்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் மேல் இருக்கும் ஊர் அது. மலை ஒன்றியத்துக்குத் தலைமையிடம். போளூரிலிருந்து ஒரு சாலை வளைந்து வளைந்து ஏறி வருகிறது. ஆலங்காயம், காவலூர் பக்கமிருந்து இன்னொன்று. கடைவீதி, அலுவலகங்கள், பள்ளி, சுற்றிலும் மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்கள், சாமை விளையும் நிலங்கள், பலா மரங்கள். விளையாட்டு செய்பவர்கள் இந்தியாவைத் தேடி வந்தால் இங்கே வருவதில்லை. 2018-ல் வந்த ஹிட்மேன் 2 மும்பைக்குப் போனது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த அன்சார்ட்டட் தொடரின் கதை மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போய், ஹொய்சாளச் சிற்ப மரபை எடுத்துக்கொண்டது. ஒன்று பெருநகர நெரிசல், மற்றது காட்டுக்குள் இடிந்த பெருமை. கோட்டையும் இல்லாத, நெரிசலும் இல்லாத ஒரு மலை ஊர்க் கடைவீதிதான் இந்த முறைக்கு உண்மையான சோதனை. அங்கே கண்ணைப் பறிக்கும் பிரமாண்டம் எதுவும் இல்லை. சுவரும் கூரையும் சரியாக இல்லையென்றால் உடனே தெரிந்துவிடும்.

முதலில் ஏமாற்று என்ற குற்றச்சாட்டு. தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதாகவே இருக்கக் கூடாது. 1987-ல் வந்த நாயகன் படத்தின் தாராவியைக் கலை இயக்குநர் தோட்டா தரணி சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் எழுப்பினார். அந்த வேலைக்குத் தேசிய விருதும் வாங்கினார். செட் போடுகிறவருக்குக் கேமரா எங்கே நிற்கும், எவ்வளவு தூரம் திரும்பும் என்று தெரியும். அது பார்க்காத பக்கத்தைக் கட்டினால் தயாரிப்பாளரின் பணம் வீண். அதில் மோசடி ஏதும் இல்லை, சிக்கனம் இருக்கிறது. ஒளிப்பதிவாளரும் கலை இயக்குநரும் உட்கார்ந்து பேசி, இதுவரைதான் உலகம் என்று கோடு போட்டுக்கொள்கிறார்கள்.

விளையாட்டில் அந்தக் கோட்டைப் போடுவது கடினம். கேமரா ஆடுபவரின் கையில் இருக்கிறது. சந்துக்குள் நுழைந்து பார்ப்பார், சுவர்மேல் ஏறுவார், மாடிக்கு வழி இருக்கிறதா என்று தேடுவார். ஆகவே முகப்பு மட்டும் போதுமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஆடுபவரின் கண் எங்கெல்லாம் போக முடியும் என்பதைப் பொறுத்தது அது. சமதளத்தில், இரு பக்கமும் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் தெருவில், நிலத்தில் மட்டும் நடக்கிறவருக்கு முகப்பு போதும். மலை ஊரில் அது போதாது. ஏன் என்பதற்கு முன், துண்டு என்பது எப்படி உருவாகிறது என்பதைப் பார்த்துவிடலாம். அங்கேதான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

துண்டு போடுவது என்றால் ஒரு கட்டடத்தைச் செய்துவிட்டு அதைக் கத்தியால் நறுக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். வேலை எதிர்த்திசையில் நடக்கிறது. முதலில் அளவு. எல்லாத் துண்டும் ஒரே கட்டத்தில் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் இங்கே விரல் அகலம் இடைவெளி, அங்கே ஒன்றின் மேல் ஒன்று ஏறல். நம் ஊர்க் கொத்தனாரிடம் இந்த அளவுகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒன்பது அங்குலச் சுவர். மூன்றுக்கு ஏழு அடி வாசல். ஏழடியில் லிண்டல் மட்டம். கதவின் தலையும் சன்னலின் தலையும் அந்த ஒரே கோட்டில் நிற்கும். அதன் மேல் ஒன்றரை அடி வெளியே நீட்டும் சன்ஷேடு. பத்தடியில் தளம். அதற்கு மேல் கைப்பிடிச் சுவர். தமிழ்நாட்டின் எந்தச் சிறு ஊருக்குப் போனாலும் பத்து வீட்டில் எட்டு வீடு இந்தக் கணக்கில்தான் எழும்பியிருக்கும்.

இங்கே ஒரு சின்னச் சிக்கல். கொத்தனார் அடியில் பேசுகிறார். மென்பொருள் மீட்டரில் பேசுகிறது. அன்ரியல் எஞ்சினில் ஓர் அலகு ஒரு சென்டிமீட்டர். யூனிட்டியிலும் கொடோவிலும் ஒரு மீட்டர். பத்தடி என்பது 304.8 சென்டிமீட்டர். இந்த மிச்சம் 4.8-ஐ அப்படியே வைத்துக்கொண்டு துண்டு செய்தால், பத்து துண்டு தாண்டும்போது அடுக்கு நகர்ந்துவிடும். ஆகவே தளம் 300, லிண்டல் 210, வாசல் 90 என்று வட்டமாக்கிக்கொள்ள வேண்டும். சுவர்த் துண்டின் அகலம் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர், மூன்று மீட்டர். இடுக்கு அடைக்க அரை மீட்டரில் ஒன்று. வட்டமாக்குவதால் ஊர் கெட்டுவிடாது. விகிதம்தான் ஊரின் முகம். லிண்டலுக்கு மேலே சுவர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் கண்ணுக்குப் படும், ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம் யாருக்கும் தெரியாது. ஆடுபவரை முதுகுக்குப் பின்னாலிருந்து காட்டும் கேமராவாக இருந்தால் வாசலை இன்னும் அகலமாக, உயரமாகச் செய்ய வேண்டியிருக்கும்; 90 சென்டிமீட்டர் வாசலில் ஆள் நுழைந்துவிடுவார், கேமரா நிலைக்கட்டையில் முட்டும். இது எல்லா விளையாட்டிலும் நடக்கிற சமரசம்தான்.

அளவு முடிந்ததும் வெட்டு. துண்டுகள் சேரும் இடம் எங்கே வர வேண்டும்? தையல்காரர் மூட்டுத் தையலை அக்குளுக்குக் கீழே கொண்டுபோய் வைப்பது போல, கண் தானாகவே தாண்டிப்போகும் இடத்தில் வைக்க வேண்டும். கட்டடத்தில் அப்படிப்பட்ட இடங்களைக் கொத்தனாரே உண்டாக்கி வைத்திருக்கிறார். லிண்டல் கோடு, சன்ஷேடின் அடி, தூண் சுவரைத் தொடும் உள்மூலை, அஸ்திவாரத்தின் மேல் விளிம்பு. இங்கெல்லாம் நிழல் விழுகிறது, பொருளும் மாறுகிறது. சேர்க்கை அந்த நிழலுக்குள் மறைந்துவிடும். வெற்றுச் சுவரின் நட்டநடுவில் சேர்க்கை வந்தால், எவ்வளவு கவனமாகச் செய்தாலும் வெயில் சாய்ந்து விழும்போது ஒரு கோடு தெரியும். உள்ளே விளக்கு எரிந்தால் வெளிச்சம் அந்த வழியாகக் கசியும். கிட் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க நான் துண்டுகளின் அழகைப் பார்க்க மாட்டேன். சேர்க்கைகள் எங்கே இருக்கின்றன என்று பார்ப்பேன்.

இத்தனை பாடு எதற்கு, நாற்பது வீட்டையும் தனித்தனியாகவே செய்தால் என்ன? ஆள்பலம் ஒரு காரணம். 2011-ல் வந்த ஸ்கைரிம் விளையாட்டின் நிலவறைகளையும் குகைகளையும் பெதஸ்டா நிறுவனத்தில் ஒரு சிறிய குழு இந்த முறையில்தான் கட்டியது. அந்தக் குழுவில் இருந்த ஜோயல் பர்ஜெஸ், நேட் பர்க்கிபைல் இருவரும் 2013-ல் விளையாட்டு உருவாக்குவோர் மாநாட்டில் அதை விரிவாக விளக்கினார்கள். இன்னொரு காரணம் கருவி. திரையில் ஒவ்வொரு பொருளையும் வரையச் சொல்லி மையச் செயலி வரைகலைச் செயலிக்கு உத்தரவு போட வேண்டும். முந்நூறு வெவ்வேறு சுவர் என்றால் முந்நூறு உத்தரவு. ஒரே சுவர் முந்நூறு இடத்தில் என்றால், ஓர் உத்தரவும் முந்நூறு இடங்களின் பட்டியலும் போதும். வடிவத்தை நினைவகத்தில் ஒரு தடவை ஏற்றினால் போதும். இந்தியாவில் விளையாட்டு ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது கைப்பேசி, அதுவும் விலை மலிவானது. அவர்களை மனத்தில் வைத்துச் செய்கிறவர்களுக்கு இது விருப்பம் அல்ல, கட்டாயம்.

அதே மாநாட்டு உரையில் பர்ஜெஸும் பர்க்கிபைலும் இதன் கெடுதலையும் மறைக்காமல் சொன்னார்கள். ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது ஆடுபவருக்குக் களைப்பு வருகிறது. சாதாரணச் சுவர் நூறு தடவை வந்தாலும் கவனிக்க மாட்டார். ஆனால் வித்தியாசமாக உடைந்த ஒரு தூண் இரண்டாவது தடவை வந்தாலே பிடித்துவிடுவார். மூன்றாவது தடவை சிரிப்பார். ஆக, ஒரே அச்சு என்ற குறையின் வேர் திரும்ப வருவதில் இல்லை, எது திரும்ப வருகிறது என்பதில் இருக்கிறது.

திரும்ப வருவதையே அழகாக்கியவர்கள் நம்மிடமே இருக்கிறார்கள். ஜமுனாமரத்தூரிலிருந்து இறங்கி மாவட்டத் தலைநகருக்கு வந்தால் அருணாசலேசுவரர் கோயிலின் ராஜகோபுரம். 217 அடி, பதினொரு நிலை. கீழ் நிலையின் அமைப்பே கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி மேலே மேலே போகிறது. திராவிட விமானத்தில் மூலைக்குக் கர்ணகூடம், நடுவில் சாலை, இடையில் பஞ்சரம் என்று உறுப்புகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. மாமல்லபுரத்துத் தர்மராஜ ரதத்தில் ஏழாம் நூற்றாண்டிலேயே அவை வரிசை வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். சிற்பி ஒவ்வொரு நிலையையும் புதிதாகக் கற்பனை செய்வதில்லை, விதியைப் பின்பற்றுகிறார். 2003-லிருந்து கணினி வரைகலை ஆய்வாளர்கள் செய்ததும் கிட்டத்தட்ட இதைத்தான்: முகப்பை மாடிகளாகப் பிரி, மாடியைச் சன்னல் கட்டங்களாகப் பிரி, மூலைக்கு இந்த உறுப்பு, நடுவுக்கு அந்த உறுப்பு என்று விதிகளை எழுதிக் கொடுத்தால் கணினியே கட்டடத்தை வளர்த்துக்கொள்ளும். பாஸ்கல் முல்லர், பீட்டர் வொங்கா முதலியோர் 2006-ல் பழைய பாம்பெய் நகரத்தை இந்த வழியில் எழுப்பிக் காட்டினார்கள். சிட்டிஎஞ்சின் மென்பொருள் அதே வழியில் வந்தது.

சரி, விதி இருக்கிறது, கிட்டும் கடையில் கிடைக்கிறது. வாங்கி இறக்கினால் என்ன?

இறக்கலாம். ஆனால் கிட்டுக்குள் சொல்லப்படாத விதிகள் ஒளிந்திருக்கின்றன. கடைகளில் அதிகம் விற்பது ஐரோப்பிய, அமெரிக்க நகரத் தெருவின் கிட். வீடுகள் ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கும் என்பது அதன் முதல் விதி. அதனால் பக்கச் சுவரே இருக்காது. கூரை வெளியே நீட்டாது. வெயிலையும் மழையையும் சுவர்தான் தாங்கும். திண்ணை கிடையாது. சன்னல் மேலும் கீழும் நகரும் கண்ணாடி. நடைபாதை சமதளம். இந்தத் துண்டுகளுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துத் தமிழ்ப் பலகை மாட்டினாலும் அது வேஷம் கட்டிய லண்டன்தான்.

தமிழ்நாட்டுப் பக்கத்திலேயே முகப்புக் கிட்டுக்குப் பொருந்தும் தெருக்கள் உண்டு. புதுச்சேரி வைசியாள் தெரு நல்ல உதாரணம். தெரு ஓரமாக ஓடும் தாழ்வாரம், அதன் மரத்தூண்கள், உள்ளே திண்ணை, சில வீடுகளில் மேல்மாடி மட்டும் பிரெஞ்சுச் சாயல். ஒவ்வொரு வீட்டின் தாழ்வாரமும் அடுத்த வீட்டுடையதைத் தொட்டு நிற்பதால் தெருவே ஒரு நீண்ட முகப்பாகிறது. மரபுக் கட்டடங்களைப் பேணும் இன்டாக் அமைப்பு அந்தத் தெருவைச் சீரமைத்தபோது வீட்டுக்கு வீடு முகப்பை எடுத்துக்கொண்டுதான் செய்தது. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. அந்தத் தெருவை விளையாட்டுக்குள் கொண்டுவரத் தூண், தாழ்வார ஓடு, திண்ணை, வாசல், மேல்மாடிச் சன்னல் என்று இருபது இருபத்தைந்து துண்டு போதும். அக்கிரகாரமும் அப்படியே.

ஜமுனாமரத்தூருக்கு வருவோம். இங்கே வீடுகள் தோள் ஒட்டி நிற்பதில்லை. கடைவீதியின் சில இடங்களைத் தவிர்த்தால் இரண்டு கட்டடத்துக்கு நடுவே சந்து, மரம், அடுக்கிய விறகு, பின்னால் மலை. அதாவது பக்கச் சுவர் தெரிகிறது. பூசாத செங்கல்லாகவோ, சுண்ணாம்பு மட்டும் அடித்ததாகவோ நிற்கும் அந்தப் பக்கச் சுவரைப் போலச் சிற்றூரை அடையாளம் காட்டுவது வேறில்லை. முன்னால் வண்ணம், பக்கத்தில் சிக்கனம். முகப்புக் கிட்டில் இந்தச் சுவருக்கு இடமே கிடையாது.

அதைவிடப் பெரிய விஷயம் மேலே இருக்கிறது. மலைச்சாலை வளைந்து ஏறும். மேல் வளைவில் நிற்கிறவர் கீழே இருக்கும் வீடுகளின் கூரையைத்தான் முதலில் பார்க்கிறார். ஓடு, சிமென்ட் ஷீட், துருப்பிடித்த தகரம், கான்கிரீட் தளத்தில் நிற்கும் தண்ணீர் டேங்க், அதன் பக்கத்தில் அடுத்த மாடிக்காக நீட்டிவிட்டு அப்படியே நிற்கும் கம்பிகள். இன்னும் மிஞ்சியிருக்கும் பழைய மண்சுவர் வீடுகளில் புல் கூரை தாழ இறங்கிச் சுவரையே முக்கால்வாசி மறைத்துவிடுகிறது. அங்கே கூரைதான் வீட்டின் முகம். சமதளத் தெருவில் கடைசியாகச் செய்கிற கூரையை இங்கே முதலில் செய்ய வேண்டும். கூரைத் துண்டுகளை ஒதுக்கிவிட்டு முகப்பில் மாதக்கணக்கில் உழைத்தவரின் ஊர், மேல் வளைவிலிருந்து பார்த்தால் மூடி இல்லாத பெட்டிகளாகத் தெரியும்.

அடுத்தது சரிவு. கட்டத்தில் அடுக்கும் முறை சமதளத்தை நம்பிப் பிறந்தது. பத்தடிக்கு ஓரடி ஏறும் சாலையோரம் ஆறு மீட்டர் அகல வீடு வைக்கிறோம். ஒரு முனையில் தரை வாசலுக்குச் சமமாக இருந்தால் மறுமுனையில் அறுபது சென்டிமீட்டர் பள்ளம். வீட்டைச் சாய்க்க முடியாது. நிலத்தை வெட்டிச் சமமாக்கினால் மலை போய்விடும். மலைக்காரர்கள் செய்வதைத்தான் செய்ய வேண்டும்: கல் கட்டி மேடை எழுப்பி அதன்மேல் வீட்டை வைப்பது. விளையாட்டில் இதற்கு ஒரே ஓர் அஸ்திவாரத் துண்டு போதும். அதை இரண்டு மீட்டர் ஆழத்துக்குச் செய்து நிலத்துக்குள் புதைத்துவிடுங்கள். சரிவு எவ்வளவோ அவ்வளவு வெளியே தெரியும். வாசல் தாழ்ந்த முனையில் வந்தால் படி வேண்டும். பதினைந்து சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு படித் துண்டு செய்துகொண்டால், அறுபதுக்கு நான்கு, முப்பதுக்கு இரண்டு. ஒரு வீட்டுக்கு நாலு படி, அடுத்ததுக்கு இரண்டு, அதற்கடுத்ததுக்கு ஒரே ஒரு கல். இந்தப் படிக் கணக்கு மட்டுமே ஒரே கதவு, ஒரே சன்னல் கொண்ட மூன்று வீடுகளை மூன்று குடும்பங்களாக்கிவிடும். மலை தரும் இலவச மாறுபாடு இது; சரிவைத் தொல்லையாகப் பார்த்துச் சமமாக்குகிறவர்கள் அதை இழக்கிறார்கள்.

மாறுபாட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எத்தனை விதச் சன்னல் செய்தால் தெரு உயிரோடு இருக்கும் என்று மாணவர்கள் கேட்பார்கள். கேள்வியே தவறான திசையில் போகிறது. தமிழ்நாட்டில் ஒரே அச்சில் கட்டிய வீடுகளுக்குப் பஞ்சமில்லை. 1990-களின் கடைசியில் தொடங்கிய சமத்துவபுரங்களில் ஒவ்வொன்றிலும் நூறு வீடு, எல்லாம் ஒரே வரைபடம். 2011-ல் அறிவித்த சூரிய மின்சக்தி பசுமை வீடுகள் 300 சதுர அடி. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, முன்னால் வராண்டா. மாநிலம் முழுக்க அதே வீடு. இதைவிடப் பெரிய மாட்யூல் தொகுப்பு எந்த விளையாட்டுக் கடையிலும் கிடைக்காது.

அப்படி ஒரு பசுமை வீட்டைக் கட்டிப் பத்தாண்டு கழித்துப் பாருங்கள். வராண்டாவுக்குக் கிரில் வந்திருக்கும். அதற்கு வெளியே தகரம் இறக்கி இரண்டு சவுக்குக் கம்பு நட்டிருப்பார்கள். அதன் கீழே ஒரு மொபெட், ஒரு கயிற்றுக் கட்டில். பக்கவாட்டில் சிமென்ட் ஷீட் போட்ட விறகடுப்புச் சமையல் இடம், ஏனென்றால் உள்ளே புகை அடைக்கும். அந்தப் பக்கச் சுவர் மட்டும் மேலே கறுத்திருக்கும். சன்னலுக்குக் கீழே துணி காயும் கொடி. வாசலில் கோலத்துக்காக மட்டும் ஒரு பாய் அளவு சிமென்ட். வண்ணம் ஒருத்தர் ரோஜா நிறம், பக்கத்து வீட்டுக்காரர் கிளிப்பச்சை, மூன்றாமவர் அடிக்கவே இல்லை. சன்னல் மூன்று வீட்டிலும் அதேதான். யாரும் கவனிக்க மாட்டார்கள். கட்டடம் ஒன்றாக இருக்கலாம், அதில் வாழ்ந்த காலம் ஒன்றாக இருக்க முடியாது. ஆகவே கிட்டில் முக்கால் பங்கு உழைப்பு சுவருக்கு அல்ல, சுவரின் மேல் ஏறி உட்காரும் பொருள்களுக்குப் போக வேண்டும்: கிரில், தகரச் சாய்ப்பு, டிஷ் ஆன்டெனா, மீட்டர் பெட்டி, வயர், டேங்க், தொட்டி, விறகு.

அழுக்கும் இந்த வகையில்தான் சேரும். சுவர்த் துண்டின் மேற்பரப்பிலேயே கறையைச் சேர்த்து வரைந்துவிட்டால் அந்தக் கறை நாற்பது இடத்தில் அதே வடிவில் வரும்; சற்று முன் சொன்ன உடைந்த தூணின் கதைதான். துண்டைச் சுத்தமாக வைத்துக்கொண்டு கறையைத் தனி அடுக்காக மேலே ஒட்ட வேண்டும். எங்கே ஒட்டுவது என்பதற்கும் காரணம் வேண்டும். சன்ஷேடின் இரு முனையிலிருந்து கறுப்பு நீர்வடு இறங்கும், நடுவில் இறங்காது. கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் செம்மண் தெறித்துச் சுவரின் கீழ் ஓரடி காவியேறும். நிழல் விழும் பக்கம் பாசி. வெறுமனே அழுக்கைத் தூவினால் பழைய வீடாகத் தெரியாது, கவனிப்பில்லாத வரைகலையாகத்தான் தெரியும்.

மேற்பரப்புப் படங்களிலும் சிக்கனத்துக்கு வழி உண்டு. நிலைக்கட்டை, சன்ஷேடு விளிம்பு, படியின் மூக்கு, தூணின் வரி என்று ஊர் முழுக்கத் தேவைப்படும் பட்டைகளை ஒரே படத்தில் கீழிருந்து மேலாக அடுக்கி, எல்லாத் துண்டும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும்படி செய்வது இப்போது பரவலான பழக்கம். சன்செட் ஓவர்டிரைவ் விளையாட்டில் இன்சோம்னியாக் நிறுவனம் இதை எப்படிச் செய்தது என்று மார்ட்டன் ஓல்சன் 2015-ல் விளக்கிய பிறகு பலர் பின்பற்றுகிறார்கள். கைப்பேசிக்குச் செய்கிறவர்களுக்கு இதைவிட லாபமான பாடம் இல்லை.

எல்லாவற்றையும் துண்டாக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் போகும் வழியில் காவலூர். அங்கே வைணு பாப்பு வானாய்வகம். 1986-ல் திறந்துவைத்த 2.3 மீட்டர் தொலைநோக்கியின் வெள்ளைக் குவிமாடம் மரங்களுக்கு மேல் எழுந்து நிற்கிறது. அந்த மலையில் அப்படி இன்னொன்று இல்லை. அதைத் தனியாக, முழுதாக, சுற்றி வந்து பார்த்தாலும் குறையில்லாதபடி செய்ய வேண்டும். ஆடுபவர் வழி தெரியாமல் திணறும்போது நிமிர்ந்து பார்த்துத் திசை கண்டுகொள்ள அது ஒன்று போதும். சாதாரண வீடுகளைத் துண்டுகளால் கட்டி மிச்சம் பிடிக்கும் நேரமெல்லாம் இந்த மாதிரிப் பொருளுக்குச் செலவழிக்கத்தான்.

இதையெல்லாம் யார் செய்வது என்று கேட்கலாம். கைவேலைக்கு இங்கே ஆள் இல்லாமல் இல்லை. 1997-ல் பெங்களூரில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் போன்ற நிறுவனங்களில் நம் கலைஞர்கள் ஆண்டுக்கணக்கில் வெளிநாட்டு விளையாட்டுகளுக்கான வண்டிகளையும் கட்டடங்களையும் செய்து கொடுத்திருக்கிறார்கள்; 2019-ல் துருவாவை ராக்ஸ்டார் விளையாட்டு நிறுவனம் வாங்கிக்கொண்டது. வேறொருவர் ஊரின் விதிப்படி துண்டு செய்யப் பழகிய கை நிறைய இருக்கிறது. தன் ஊரின் விதியைக் கண்டுபிடித்த கை குறைவு. புனேயின் நோடிங் ஹெட்ஸ் சிறு குழுவாக இருந்து 2020-ல் ராஜி விளையாட்டில் ராஜஸ்தான் கட்டடக் கலையைக் கொண்டுவந்தது. மாடமும் வளைவும் தூணும் எங்கே சேரும் என்று அவர்கள் பார்த்திருக்கிறார்கள். தமிழ்க் குடும்பம் ஒன்றை 2023-ல் வெண்பா விளையாட்டு உலகுக்குக் காட்டியது. டொராண்டோவில் இருந்து, சமையலறைக்குள்ளேயே. வாசலைத் தாண்டித் தெருவுக்கு வர இன்னும் யாராவது வேண்டும். கருவிக்குப் பணம் தடையில்லை. துண்டுகளைச் செதுக்கும் பிளெண்டரும் விளையாட்டைக் கட்டும் கொடோவும் இலவசம்; கொடோவில் துண்டுகளைக் கட்டத்தில் அடுக்குவதற்கென்றே கிரிட்மேப் என்ற வசதி உண்டு.

தொடங்குகிறவர் முதலில் கணினியைத் திறக்க வேண்டாம். அளவு நாடாவோடு ஒரு தெருவில் நடந்து, லிண்டல், தளம், சன்ஷேடு, படி உயரம் நான்கையும் எழுதிக்கொள்ளட்டும். மேல் வளைவிலிருந்து ஒரு படம், தெருவிலிருந்து ஒரு படம், சந்துக்குள்ளிருந்து ஒரு படம். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு எடுப்பது மரியாதை மட்டுமல்ல, லாபமும்கூட. எந்தச் சுவர் எப்போது வந்தது, தகரம் ஏன் இறக்கினார்கள், பழைய கூரை எதில் வேய்ந்திருந்தது என்பதையெல்லாம் அவரே சொல்லிவிடுவார்.

பிறகு சாம்பல் நிறப் பெட்டிகளால், நிறமே இல்லாமல், கூரையோடும் மேடையோடும் ஐந்து வீட்டை அடுக்கிச் சரிவில் நிறுத்திப் பார்க்க வேண்டும். அந்த நிலையிலேயே மலை ஊராகத் தெரியவில்லை என்றால் அளவில் கோளாறு. வண்ணம் அடித்துச் சரிசெய்ய முடியாது. தெரிந்தால் மட்டும் துண்டுகளைச் செதுக்கத் தொடங்கலாம்.

கடைப் பெயர்ப்பலகைகளை மட்டும் சுவரோடு சேர்க்காமல் கடைசிவரை தனித் துண்டாகவே வைத்திருங்கள். படத்தில் பார்த்த பெயரை அப்படியே எழுதிவிடுவது எளிது. உண்மைக் கடைக்காரரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் விளையாட்டுக்குள் கொண்டுபோய் மாட்டும் உரிமை யாருக்கும் இல்லை. புதுப் பெயர் யோசித்து, கையால் பலகை எழுதுகிறவர் ஒருவரிடம் கொடுத்து எழுதி வாங்கலாம். கணினி எழுத்துரு மலை ஊர் மளிகைக் கடைப் பலகையில் ஒட்டவே ஒட்டாது.